மனைவியோட கோல்ஃப் ட்ரிப், நுவரெலியா - போன தடவை மாதிரி ஆகக்கூடாது, அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க

#1 சென்னை_பதினெட்டு

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா இங்க படிக்கிறதோட சரி, இப்பதான் முதல் தடவையா எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

பிப்ரவரில எங்களுக்கு கல்யாணமாகி இருபது வருஷம் முடியுது. அஞ்சு ராத்திரி இலங்கை போலாம்னு இருக்கோம். கண்டில ஒண்ணு, நுவரெலியால மூணு, திரும்புற வழியில கொழும்புல ஒண்ணு. நான் எட்டு வருஷமா கோல்ஃப் ஆடுறேன், ஹேண்டிகேப் 19 (திறமைக்குப் போடுற கணக்கு, கம்மியா இருந்தா நல்ல ஆட்டக்காரர்). மனைவி ஆட மாட்டாங்க, கத்துக்கணும்னு ஆசையும் கிடையாது, ஆனா நான் ஆடுறதுக்கு இதுவரைக்கும் ஒரு நாள் கூட வேண்டாம்னு சொன்னதில்ல. என் மனசுல இருக்கிறது மூணு மைதானம். கண்டி பக்கம் திகனையில விக்டோரியா நீர்த்தேக்கத்த ஒட்டி இருக்கிறது, நுவரெலியா, அப்புறம் கொழும்பு ராயல். போட்டோவா பாத்து பாத்தே ஆசை வந்துடுச்சு.

இப்ப பிரச்சனைக்கு வரேன். போன வருஷம் கர்நாடகா பக்கம் ஒரு ரிசார்ட் போனோம், பேர் வேண்டாம். காலைல ஏழு மணிக்கு டீ டைம், அதாவது ஆட்டம் ஆரம்பிக்கிற நேரம். நாலு மணி நேரம்தான், பதினொண்ணுக்கெல்லாம் வந்துடுவேன், அப்புறம் நாள் பூரா நம்மளுதுன்னு சொல்லிட்டுப் போனேன். ரூமுக்கு வந்தப்ப மணி ரெண்டேகால். முன்னாடி ஆடுன கூட்டம் மெதுவா ஆடிச்சு, முடிச்சுட்டு கூட ஆடுனவங்களோட உக்காந்து பேசுனேன், போன் பைக்குள்ள சைலன்ட்ல கிடந்துச்சு. அவங்க குளிச்சு புடவை மாத்திட்டு பதினோரு மணியில இருந்து கைப்பைய மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. காலை டிபன்ல குழிப்பணியாரம் போட்டாங்களாம், எனக்குப் பிடிக்கும்னு நாலு எடுத்து டிஷ்யூல சுத்தி மேஜை மேல வச்சிருந்தாங்க. நான் பாக்கறப்ப எண்ணெய் பேப்பர்ல ஊறி பணியாரம் காஞ்சு போயிருந்துச்சு. ஒரு வார்த்தை சண்டை போடல. சாப்பிட்டீங்களான்னு மட்டும் கேட்டாங்க. அதுதான் இன்னைக்கு வரைக்கும் எனக்கு உள்ள உறுத்துது.

அஞ்சு நாள்ல எத்தனை ரவுண்டு ஆடுனா நியாயம்? மூணு ஜாஸ்தியா? ஜோடியா போய்ட்டு வந்தவங்க என்ன பண்ணுனீங்கன்னு சொல்லுங்க.

#2 ஒன்பதுகுழி

அண்ணா, முதல்ல அந்த நாலு மணி நேரக் கணக்க விடுங்க. நாலு பேரா போனா பதினெட்டு குழி ரவுண்டு மட்டுமே நாலரை, முன்னாடி ஆள் மெதுவா இருந்தா அஞ்சு. அதுக்கு முன்னாடி ஷூ மாத்தி, கேடி (பையத் தூக்கிட்டு கூட வர்றவர்) பேசி, பட்டிங் கிரீன்ல (பந்த குழிக்குள்ள தள்ளிப் பழகுற புல்தரை) நாலு பந்து உருட்டி பாக்குறதுக்கு முக்கால் மணி நேரம். முடிஞ்சப்புறம் கேடிக்கு காசு, ஒரு டீ, வண்டி, குளியல். நாம என்னமோ முதல் டீயில (பந்த அடிக்க ஆரம்பிக்கிற இடம்) இருந்து பதினெட்டாவது கிரீன் (கடைசிக் குழி இருக்கிற புல்தரை) வரைக்கும் மட்டும் எண்ணுறோம், வீட்ல இருக்கவங்க நாம எழுந்து பையத் தூக்குன நிமிஷத்துல இருந்து எண்ணுறாங்க. அவங்க கணக்குதான் சரி.

நான் வீட்ல சொல்றது கதவு கணக்கு. ரூம் கதவ சாத்துறது எத்தனை மணிக்கு, திரும்பி வந்து தட்டுறது எத்தனை மணிக்கு. பதினெட்டு குழின்னா ஆறரை மணி நேரம்னு சொல்லிடுவேன். ஒன்பதுன்னா மூணரை. சொன்ன நேரம் ஆயிடுச்சுன்னா பதினாலாவது குழியில நின்னாலும் கை குடுத்துட்டு கிளம்பிடணும். இத செய்ய மனசு வரலன்னா அன்னிக்கு ஆடவே போகாதீங்க.

#3 கோவை_அக்கா

இருபத்தாறு வருஷமா கோல்ஃப் ஆடறவருக்கு வாக்கப்பட்டவங்க நான், அதனால சொல்றேன் தம்பி. எத்தனை ரவுண்டு நியாயம்னு எங்ககிட்ட கேக்கறீங்களே, அவங்ககிட்ட கேட்டீங்களா?

எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவாருன்னா, அவர் ஆடப் போற அன்னிக்கு எனக்கு மசாஜுக்கு சொல்லி வச்சிருவாரு. அவர் மனசுல அது பெரிய ஏற்பாடு. எனக்கு முன்ன பின்ன தெரியாதவங்க கைபட்டாலே பிடிக்காதுங்க, அவரு ஆசையா ஏற்பாடு பண்ணிருக்காரேன்னு மூணு ஊர்ல பேசாம போய் படுத்திருக்கேன். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணு, காலைச் சாப்பாடு ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிடணும். வீட்ல அது நடக்காது, அவருக்கு மில்லு, எனக்கு பள்ளிக்கூடப் பிள்ளைங்க. ஊருக்குப் போனாலாவது அவசரமில்லாம ஒரு காபி குடிக்கலாம்னு நினைப்பேன். இத வாய் விட்டு சொல்றதுக்கு எனக்குப் பதினொரு வருஷம் ஆச்சு. சொன்ன அடுத்த ட்ரிப்லயே அவர் டீ டைம பத்து மணிக்கு மாத்திக்கிட்டாரு. அவ்வளவுதான் விஷயம். வெயில்ல ஆடறாரு பாவம், ஆனா ஆடறாரு.

உங்க வீட்டம்மா பணியாரத்த சுத்தி வச்சாங்கன்னு எழுதிருக்கீங்க பாருங்க. அவங்களும் உங்க கூட சாப்பிடணும்னுதான் இருந்திருக்காங்க. போய் கேளுங்க.

#4 மழைக்காலம்

எனக்கு இதுல வேற கருத்து. கல்யாண நாளுக்குப் போற ட்ரிப்புக்கு கோல்ஃப் பைய எடுத்துட்டே போகக்கூடாது. ஆடணும்னா நண்பர்களோட தனியா ஒரு வாரம் போங்க, மனைவியோட போறப்ப மனைவியோட இருங்க. ரெண்டையும் ஒண்ணா போட்டா ரெண்டு பக்கமும் குறைதான். நான் அப்படித்தான் பிரிச்சு வச்சிருக்கேன், நிம்மதியா இருக்கேன்.

#5 ஒன்பதுகுழி

@மழைக்காலம் நீங்க சொல்றது வசதி இருக்கவங்களுக்கு சரி. எனக்கு வருஷத்துக்கு லீவு கிடைக்கிறதே பத்து நாள். அதுல அஞ்சு நாள நண்பர்களோட போய்ட்டா வீட்ல இருக்கவங்களுக்கு மிச்சம் என்ன? கூட கூட்டிட்டுப் போய் ஒரு காலை மட்டும் ஆடுறது எவ்வளவோ மேல்னு நினைக்கிறேன்.

#6 மழைக்காலம்

லீவு கணக்கு நான் யோசிக்கல, ஒத்துக்கறேன். ஆனா ஒரு காலைன்னா ஒரு காலைதான். அது ஒண்ணரை ஆகி ரெண்டு ஆகறதத்தான் நான் பாத்திருக்கேன்.

#7 ஹட்டன்பக்கம்

வணக்கம். நான் நம்ம மலைநாட்டு ஆள்தான், ஹட்டன் பக்கம் வீடு, நுவரெலியால வேலை. அதனால இங்கத்த நிலவரம் சொல்றேன்.

நுவரெலியா மைதானம் 1889ல தொடங்கினது. டவுனுக்கு நடுவுலயே இருக்கு, பார் 70 (நல்ல ஆட்டக்காரர் மொத்தமா 70 அடியில முடிக்கணும்). நீளம் பெருசா இல்ல, ஆனா ரெண்டு பக்கமும் உசந்த மரம், நடுவுல ஒடுக்கமான பாதை மாதிரி ஃபேர்வே, அங்கங்க ஓடை குறுக்க வரும். டிரைவர்ங்கிற பெரிய மட்டைய எடுத்து வீசுற ஆளுக்குப் பந்து நிறைய செலவாகும். ஊர் 1868 மீட்டர் உசரத்துல இருக்கதால காத்து லேசு, பந்து கீழ நாட்டுல போறத விட தூரம் போகும், ஒரு கிளப் (மட்டை) குறைச்சு எடுங்க. கேடி கட்டாயம் கூட்டிக்கங்க. தமிழ்லயே பேசிக்கலாம்.

முக்கியமான விஷயம் இதுதான். இங்க நல்ல நேரம்ங்கிறது காலை மட்டும்தான். பெப்ரவரி நல்ல மாசம், ராவைக்கு கடும் குளிர், விடிய வெயில் அடிக்கும், ஆனா பகலுக்கு மேல மூட்டம் இறங்கிச்சின்னா ஒண்ணும் தெரியாது. கோல்ஃப்க்கும் காலை வேணும். ஹோட்டன் சமவெளியில உலக முடிவுங்கிற மலை விளிம்பப் பாக்கணும்னாலும் அதே காலைதான் வேணும். அஞ்சு மணிக்கே கிளம்பி, கேட் திறந்த உடனே உள்ள போய், ஒம்பது மணிக்கு முன்ன அந்த விளிம்புல நிக்கணும். பிந்தினா கீழ எண்ணூறு மீட்டருக்கு மேல பள்ளம் இருக்கதே தெரியாம வெள்ளையா மேகத்தப் பாத்துட்டு திரும்பணும். வட்டமா நடந்து வர ஒம்பது கிலோமீட்டர் சொச்சம்.

மூணு ராத்திரி தங்கினா உங்களுக்கு முழுசா கிடைக்கிறது ரெண்டு காலைதான், மூணாவது காலை கீழ இறங்குற நாள். அப்ப யாருக்கு எந்தக் காலைன்னு இப்பவே பேசிடுங்க. பகலுக்கு மேல ஹக்கல பூந்தோட்டம், சீதா எலிய கோயில், தேயிலை பாக்டரி எல்லாம் மழையிலயும் பாக்கலாம்.

இன்னொன்னு, மேப்ல கிலோமீட்டரப் பாத்து ஏமாறாதீங்க. கண்டியில இருந்து நுவரெலியா எண்பது கிலோமீட்டர் கூட இல்ல, ஆனா றம்பொடை வளைவெல்லாம் ஏறி வர ரெண்டரை மூணு மணி நேரம். விக்டோரியால காலைல ஆடிட்டு அன்னிக்கே மேல ஏறுறது அவங்களுக்குத்தான் அலைச்சல். போயா நாள் (பௌர்ணமி) வந்தா எங்கயும் மதுபானம் கிடைக்காது, அதையும் பாத்துக்கங்க.

#8 சிங்கை_புல்வெளி

எங்க வீட்ல நிலைமை தலைகீழ். நான்தான் ஆடுறேன், அவர் ஆட மாட்டார். சிங்கப்பூர்ல இருந்து அடிக்கடி இந்தோனேசியாவோட பிந்தான் தீவுக்குப் போவோம், ஃபெர்ரி ஏறினா ஒரு மணி நேரத்துல இறங்கிடலாம். முதல் தடவை அங்க நேரம் ஒரு மணி பின்னாடி இருக்கும்ங்கிறத மறந்து ரெண்டு பேரும் வேற வேற கடிகாரத்துல இருந்தோம், நான் மதியம் ஒண்ணுன்னு சொன்னது எனக்கு ஒரு ஒண்ணு அவருக்கு ஒரு ஒண்ணு. அவர் சாப்பிடாம காத்திருந்தார். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே நேரம்தான், அந்தக் கவலை உங்களுக்கு இல்ல.

நான் சொல்ல வந்தது வேற. நேரத்துக்கு வர்றது ஒண்ணு, என்ன முகத்தோட வர்றோம்ங்கிறது ஒண்ணு. காசு செலவு பண்ணி, வருஷக்கணக்கா ஆசைப்பட்ட மைதானத்துல போய் நின்னா அன்னிக்குன்னு பார்த்து கை ஒத்துழைக்காது. வாடகை கிளப், தூக்கமில்லாத ராத்திரி, பழக்கமில்லாத புல். நான் ஒரு தடவை ரொம்ப மோசமா 112 அடிச்சுட்டு வந்து ராத்திரி சாப்பாட்டு மேஜையில பேசவே இல்ல. அவர் காலைல இருந்து தனியா பீச்ல நடந்து, ஒரு மீனவர்கிட்ட பேசி, எனக்குச் சொல்லணும்னு ஒரு கதை வச்சிருந்தார். நான் மூணாவது குழியில மூணு பட் போட்டத நினைச்சுட்டு இருந்தேன். அந்தக் கதைய அவர் அப்புறம் எனக்கு சொல்லவே இல்ல.

இப்பல்லாம் புது மைதானத்துக்குப் போனா ஸ்கோர் அட்டை எழுதறதில்ல. வந்ததும் முதல்ல அவர் காலை எப்படிப் போச்சுன்னு கேட்டுடுவேன். என் ரவுண்டப் பத்தி அவரா கேட்டாதான் பேச்சு.

#9 கொடைமலை

ஏன் அவங்கள ஆட வைக்கக்கூடாது? என் மனைவி நாப்பத்திரெண்டு வயசுல கொடைக்கானல்ல ஆரம்பிச்சாங்க. 1895ல இருந்து இருக்கிற கிளப், மலை மேல ஏத்தமும் இறக்கமுமா நடக்கவே அவ்வளவு நல்லாருக்கும், சில நாள் ஃபேர்வேயிலயே காட்டுமாடு கூட்டம் நிக்கும், அது நகர்ற வரைக்கும் நாம நகரக்கூடாது. இப்ப உலக ஹேண்டிகேப் முறையில 54 வரைக்கும் குடுக்குறாங்க, புதுசா ஆடுறவங்களும் கணக்குப் போட்டு நம்மகிட்ட நிஜமாவே ஜெயிக்கலாம். நாங்க ரெண்டு பேரும் அடிச்சு, எது நல்லா விழுந்துச்சோ அந்த இடத்துல இருந்து ரெண்டு பேரும் அடுத்தத அடிப்போம். சண்டையே வராது.

#10 கோவை_அக்கா

@கொடைமலை உங்க வீட்டுல நல்லபடியா அமைஞ்சுது, சந்தோஷம். ஆனா ஆசை இல்லைன்னு அவர் தெளிவா எழுதிருக்காரே. கூட இருக்கணும்னா கூட ஆடித்தான் ஆகணுமாங்க? அப்படியே கத்துக்கறதா இருந்தாலும் புருஷன்கிட்ட கத்துக்கக் கூடாது. தலைய நிமித்தாத, முழங்கைய மடக்காதன்னு பின்னாடியே சொல்லிட்டு வந்தா அந்த நாள் போச்சு.

#11 கொடைமலை

அக்கா சொல்றது சரிதான், என் மனைவியும் கோச்கிட்டதான் கத்துக்கிட்டாங்க. நான் முதல் ஆறு மாசம் அந்தப் பக்கமே போகல.

#12 எடின்பரோ_தம்பி

நான் எடின்பரோல வேலை பாக்குறேன். ஆசை ஆசையா ஊர்ல இருந்து ஸ்காட்லாந்துல கோல்ஃபுக்குப் பேர் போன செயின்ட் ஆண்ட்ரூஸ் வர்றவங்கள வருஷா வருஷம் கூட்டிட்டுப் போறேன். அங்க இருக்கிற பழமையான ஓல்ட் கோர்ஸ் மைதானத்துல ஆடணும்னா நிறைய பேருக்கு ரெண்டு நாள் முன்னாடி போடுற பேலட்ங்கிற குலுக்கல்தான் வழி, பேர் வரும்னு நிச்சயம் கிடையாது. மொத்த ட்ரிப்பையும் அதுலயே வச்சுட்டு வந்தவங்க பேர் வராம ஹோட்டல்ல முகம் தொங்கி உக்காந்திருக்கத பாத்திருக்கேன், கூட வந்த மனைவி அவருக்கு ஆறுதல் சொல்லியே மூணு நாள் ஓடிடும். அதனால வர்றதுக்கு முன்னாடியே சொல்லிடுவேன், ஓல்ட் கோர்ஸ் கிடைச்சா அதிர்ஷ்டம், பக்கத்துல 1895ல போட்ட நியூ கோர்ஸ் இருக்கு அத நம்பி வாங்க.

அங்க எனக்குப் பிடிச்ச வழக்கம் ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை பொதுவா ஓல்ட் கோர்ஸ்ல ஆட்டம் கிடையாது. ஊர் ஜனம் குழந்தை, நாய், பாட்டின்னு எல்லாரும் அந்தப் புல்லு மேல நடப்பாங்க. ஆடாதவங்களும் போய் அந்தச் சின்னக் கல்லுப் பாலத்துல நிக்கலாம். போன வருஷம் என் மாமாவும் அத்தையும் வந்தப்ப அத்தைக்கு மொத்த ட்ரிப்லயும் பிடிச்சது அந்த ஞாயித்துக்கிழமைதான்.

அன்னிக்கு சாயங்காலம் பழைய கதீட்ரல் கல்லறைக்குப் போனோம். அந்தக் காலத்து பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் டாம் மாரிஸ், அவர் மகன் சின்ன டாமியோட நினைவுக்கல் அங்க இருக்கு, தொடர்ச்சியா நாலு பிரிட்டிஷ் ஓபன் போட்டி ஜெயிச்சவர். 1875 செப்டம்பர்ல வேற ஊர்ல ஆடிட்டு இருந்தப்ப மனைவிக்குப் பிரசவம் சிக்கலா இருக்குன்னு தந்தி வந்துச்சு. கடல் வழியா கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள மனைவியும் குழந்தையும் இறந்துட்டாங்க. அதே வருஷம் கிறிஸ்துமஸ் அன்னிக்கு அவரும் போயிட்டார், வயசு 24. மாமா அந்தக் கல்லு முன்னாடி ரொம்ப நேரம் நின்னார். அவர் மறுநாள் பேலட்டுக்குப் பேர் குடுக்கல, நானும் ஏன்னு கேக்கல.

#13 சென்னை_பதினெட்டு

எல்லாருக்கும் நன்றி. கோவை அக்கா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி கேட்டேன். உனக்கு இந்த ட்ரிப்ல எது நடக்கலன்னா வருத்தமா இருக்கும், ஒண்ணே ஒண்ணு சொல்லுன்னு. உங்களுக்கு எது வசதியோ அதுன்னுதான் முதல்ல சொன்னாங்க. நான் விடல. கொஞ்ச நேரம் கழிச்சு அவங்க சொன்னத எப்படி எழுதுறதுன்னு தெரியல.

என் மாமியார் பிறந்தது இலங்கையில, தோட்டத்துல. 1974ல பதினெட்டு வயசுல குடும்பத்தோட கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து இறங்குனவங்க, அப்புறம் நீலகிரியில அரசு தேயிலைத் தோட்டத்துல வேலை பாத்தாங்க. இது எனக்குக் கல்யாணத்தப்பவே தெரியும். ஆனா அந்தத் தோட்டம் ராகலைப் பக்கம், நுவரெலியால இருந்து இருபத்தஞ்சு கிலோமீட்டர் போலதான் இருக்கும்னு எனக்குத் தெரியாது. நான் மைதானத்துக்காக நுவரெலியான்னு சொன்னப்ப, அவங்க உடனே சரின்னு சொன்னதுக்குக் காரணம் அதுதானாம். அம்மா பிறந்த லயத்த (தோட்டத் தொழிலாளருங்க வரிசை வீடு) ஒரு தடவை பாக்கணும்னு சின்ன வயசுல இருந்து ஆசை. ஏன் சொல்லலன்னு கேட்டேன். உங்க டீ டைம் எல்லாம் முடிவாகட்டும், நேரம் இருந்தா கேக்கலாம்னு இருந்தேன்னு சொன்னாங்க.

திகனையும் கொழும்பும் எடுத்துட்டேன். நுவரெலியால ஒரே ஒரு ரவுண்டு. அதுவும் வேண்டாம்னுதான் சொன்னேன், அவங்கதான் ஒத்துக்கல, நீங்க ஆசைப்பட்டதும் நடக்கணும்னு சொல்லிட்டாங்க. உலக முடிவுக்கு ரெண்டு பேரும் சேர்ந்து போறோம். ஹட்டன்பக்கம், தோட்டத்துக்குள்ள வெளியாள் போகலாமா? யார்கிட்ட கேக்கணும்?

#14 ஹட்டன்பக்கம்

படிச்சிட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல எங்க மலையகத் தமிழர்ல அஞ்சே கால் லட்சம் பேர் இந்தியாவுக்குன்னு கையெழுத்துப் போட்டாங்க. எங்க பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனதுதான், கூடலூர்ல இருக்காங்க.

போகலாம். தோட்ட ஆபீஸ்ல போய் விஷயத்தச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க, அம்மா பிறந்த இடம்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை பகலுக்கு மேல போங்க, மத்த நாள்ல எல்லாம் மலையில கொழுந்து எடுத்துட்டு இருப்பாங்க, லயத்துல ஆள் இருக்காது. தோட்டம் பேர் மட்டும் போதாது, டிவிஷன் (தோட்டத்துக்குள்ள இருக்கிற பிரிவு) பேரு கேட்டு வாங்குங்க. தாத்தா பேரு, எந்த கங்காணி (வேலை வாங்குற மேஸ்திரி) ஆளுங்க, லயம் எந்தப் பக்கம்னு மாமியார்கிட்ட எழுதி வாங்கிட்டு வாங்க. பழைய ஆளுங்களுக்கு வீட்டு நம்பர் தெரியாது, கோயிலுக்கு மேல் லயமா கீழ் லயமான்னு சொன்னாதான் தெரியும். ரோடு மோசம், நுவரெலியால இருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல வச்சிக்கங்க. பழைய போட்டோ இருந்தா கட்டாயம் கொண்டு வாங்க.

#15 மழைக்காலம்

நான் முதல்ல எழுதுனத திரும்ப எடுத்துக்கறேன். போய்ட்டு வந்து எழுதுங்க சார்.

#16 சென்னை_பதினெட்டு

மூணு வாரம் ஆச்சு, இப்பதான் எழுத முடிஞ்சுது.

சனிக்கிழமை உலக முடிவு. நாலே முக்காலுக்குக் கிளம்பி, ஹோட்டல்ல கட்டிக் குடுத்த ரொட்டியும் முட்டையும் மடியில வச்சுக்கிட்டுப் போனோம். விளிம்புல நின்னப்ப மணி எட்டு பத்து. கீழ தூரத்துல ஒரு தோட்டம், அதுல லயம் தீப்பெட்டி மாதிரி தெரிஞ்சுது. இருபது நிமிஷம் இருந்திருப்போம், கீழ இருந்து மேகம் ஏறி வந்து அப்படியே மூடிடுச்சு. பின்னாடி வந்தவங்க ஒண்ணும் பாக்கல. ஹட்டன்பக்கம் சொல்லலன்னா நாங்களும் பாத்திருக்க மாட்டோம்.

ஞாயித்துக்கிழமை காலை கோல்ஃப், பகல் ராகலை. கதவு கணக்குப்படி ஆறேகாலுக்குப் போறேன், பன்னெண்டுக்கு வந்து தட்டுறேன்னு சொல்லிட்டுப் போனேன். ஏழு மணிக்கு புல்லு பூரா பனி, ஷூ ரெண்டாவது குழிக்குள்ளயே நனைஞ்சுடுச்சு. கேடியா வந்தவர் அறுபது வயசு இருக்கும், பந்து எங்க விழும்னு நான் அடிக்கறதுக்கு முன்னாடியே நடக்க ஆரம்பிச்சுடுவார். அவர்கிட்ட ராகலை போறோம்னு சொன்னேன், அந்த டிவிஷன்ல தனக்கு சம்பந்தி வீடு இருக்குன்னு சொல்லி அங்கயே போன் போட்டு சொல்லி வச்சுட்டார். ரொம்ப நல்லா ஆடுனேன், அத மறைக்க விரும்பல, பதிமூணு குழி முடிஞ்சப்ப என் வாழ்க்கையிலயே நல்ல ஸ்கோர். ஆனா முன்னாடி ரெண்டு கூட்டம் தேங்கி நின்னுச்சு. பதினாலாவது கிரீன்ல கொடிய வைக்கிறப்ப மணி பதினொண்ணு இருபது. மிச்சம் நாலு குழி ஆடுனா ஒரு மணிக்கு மேல ஆகும். கூட ஆடுனவர் ஜெர்மன்காரர், அவர்கிட்ட கை குடுத்துட்டு பதினஞ்சாவது டீயப் பாக்காம கிளம்பினேன். பாத்திருந்தா நின்னிருப்பேன். வலிச்சுது. கதவ தட்டுனப்ப மணி பதினொண்ணு அம்பத்தஞ்சு. அவங்க கைப்பையோட ரெடியா உக்காந்திருந்தாங்க, அதே மாதிரி. கடிகாரத்தப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, ஷூவ கழட்டுங்க கால் நனைஞ்சிருக்குன்னு சொன்னாங்க.

ராகலையில அந்தக் கேடியோட சம்பந்தி எங்கள ரோட்டுல நின்னு கூட்டிட்டுப் போனார். லயத்துக்குத் தகரம் மாத்தியிருக்காங்க, சுவர் பழைய கருங்கல்லுதான். எண்பது வயசுக்கு மேல ஒரு பாட்டி, என் மாமியார் பேரையும் அவங்க அம்மா பேரையும் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, கண்ணாடி வளையல் போடுமே அந்தப் புள்ளையான்னு கேட்டாங்க. மனைவி அங்கயே படியில உக்காந்துட்டாங்க. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டா சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு. மாமியார் வேற எதுவும் கேக்கல, பீலி இருக்கா, பீலியக் காட்டுன்னு சொன்னாங்க. மலையில இருந்து தண்ணி வந்து விழற இடம், இப்ப குழாய் போட்டிருக்காங்க, ஆனா அந்தக் கல்லு அப்படியே இருக்கு, துணி தொவைச்சு தொவைச்சு நடுவுல குழி விழுந்த கல்லு. மனைவி போன என்கிட்ட குடுத்துட்டு அந்தத் தண்ணிய ரெண்டு கையிலயும் ஏந்தி முகத்துல அடிச்சுக்கிட்டாங்க. ஐஸ் மாதிரி இருந்துச்சு. போன்ல அந்தப் பக்கம் மாமியார் பேசவே இல்ல, மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சு. பாட்டி எங்களுக்கு பிளேன்டியும் (பால் இல்லாத டீ) சுட்ட ரொட்டியும் குடுத்தாங்க, கூட மிளகா சம்பல். இருட்டுற வரைக்கும் அங்கயே இருந்தோம்.

#17 கோவை_அக்கா

கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி. திங்கக்கிழமை காலைச் சாப்பாடு சேந்து சாப்பிட்டீங்களா?

#18 சென்னை_பதினெட்டு

சாப்பிட்டோம் அக்கா. பால்சோறும் கட்ட சம்பலும். ஒன்பது மணி வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல.

#19 ஹட்டன்பக்கம்

மாமியார் என்ன சொல்றாங்க இப்ப?

#20 சென்னை_பதினெட்டு

அதத்தான் கேக்கணும்னு இருந்தேன். அவங்களும் வரணும்னு சொல்றாங்க. பாட்டி இருக்கும்போதே ஒரு தடவை பாத்துடணுமாம். வயசு அறுபத்தொன்பது, முட்டி வலி உண்டு, மலை ரோட்டுல வாந்தி வரும். கொழும்புல இறங்கி நேரா ஏறாம கண்டியில ஒரு ராத்திரி தங்கிட்டுப் போறது நல்லதா, இல்ல ஹட்டன் வழி வளைவு கம்மியா? ராகலையிலயே தங்குறதுக்கு சுத்தமான இடம் ஏதாவது இருந்தா சொல்லுங்க. ஆகஸ்ட்ல பசங்களுக்கு லீவு கிடைக்கும், ஆனா அப்ப அங்க மழைன்னு கேள்விப்பட்டேன், பீலி வரைக்கும் படி வழுக்குமா?